கம்பிக்கும் குலவைக்கும் நடுவில் ஒரு நாக்கு

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. ராமநாதபுரத்தில் ஒரு பல் டாக்டர் வீட்டு வாசல் பெஞ்சில், என் பல்செட்டைக் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். (கீழ்செட்டு மட்டும். மேல்செட்டுக்கு என்மேல் புகார் எதுவும் இல்லை.) பக்கத்தில் ஒரு காலேஜ் பெண். அன்றைக்குத்தான் அவள் பல் கம்பியை முடுக்கியிருக்கிறார்கள். யாரோ கொடுத்துவிட்டுப் போன கைக்குழந்தையைத் தாங்குவதுபோலத் தன் கன்னத்தைத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் காலத்துல இந்தத் தொல்லையெல்லாம் கிடையாதுல்ல சார்?" என்றாள், பல்லோடு பல் படாமல்.

"ஏன் கிடையாது? எங்க பக்கத்துல ஒரு பொண்ணு கட்டியிருந்துச்சே, அறுபத்திரண்டுல."

எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. வருஷத்தைச் சேர்த்துச் சொன்னதும் பொய்க்குக் கால் முளைத்துவிட்டது.

"அவங்களுக்கும் இப்படித்தான் வலிச்சுச்சா?"

"இதைவிட."

"அப்ப என்ன பண்ணுனாங்க?"

அந்த நேரம் பார்த்து டாக்டர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். திரும்பி வந்தபோது பெஞ்சு காலி. அவள் கேட்டது மட்டும் என்னோடு பஸ் ஏறி வீடுவரை வந்தது. அதற்குப் பதில் சொல்வதற்காகத்தான் இந்தக் கதை. அவள் இதைப் படிக்கப்போவதில்லை, நீங்கள்தான் அகப்பட்டீர்கள்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"இராமலட்சுமி மதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அமர்ந்திருந்தாள். மேற்கே வானம் சிவந்து —" (வானம் சிவந்தால் அவளுக்கு என்ன? அவளுக்குப் பல் வலிக்கிறது. அடித்துவிட்டேன்.)

பிறகு இப்படி:

"பெண் பார்க்க வந்தவர்கள் அவள் பல்லைப் பார்த்துவிட்டு —" (இதை எழுதக் கை தானாக ஓடியது. தானாக ஓடும் கையை நம்பக் கூடாது. இதையும் அடித்துவிட்டேன்.)

போட்டோவிலிருந்து தொடங்குகிறேன்.

நயினார்கோவிலுக்குக் கிழக்கே ஒரு ஊர். பெயர் வேண்டாம், சொன்னால் யாராவது போய் விசாரிப்பார்கள். அங்கே செல்லச்சாமி என்று மிளகாய் பயிரிடும் ஒரு சம்சாரி. அவர் மகன் கல்யாணத்துக்குப் பரமக்குடியிலிருந்து போட்டோக்காரர் ஒருவர் கறுப்புத் துணியும் முக்காலியுமாக வந்திறங்கினார். பொண்ணு மாப்பிள்ளையைச் சுற்றிச் சொந்தபந்தத்தை நிறுத்திவிட்டுத் துணிக்குள் தலையை விட்டவர், அங்கிருந்தே சத்தம் கொடுத்தார்.

"அந்தக் கடைசியில நிக்கிற பொண்ணு வாயை மூடட்டும்."

கடைசியில் நின்றவள் மாப்பிள்ளையின் தங்கை இராமலட்சுமி.

"மூடித்தாங்க இருக்கேன்" என்றாள்.

பந்தலே சிரித்தது. முதலில் சிரித்தது, கழுத்தில் மாலையோடு நின்ற புதுப்பெண் பாண்டியம்மாள். அவள் சிரித்த சிரிப்பில் நெற்றிச்சுட்டி ஒரு பக்கமாக ஒதுங்கி, போட்டோவில் இன்றைக்கும் ஒதுங்கியபடியே இருக்கிறது. (போட்டோ என்னிடம் இல்லை. இருந்தால் காட்டுவேன்.)

அன்றைக்கு இராமலட்சுமியும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் அதன்பிறகு கிணற்றில் தண்ணீர் சேந்தும்போதும் வரப்பில் நடக்கும்போதும் இரண்டு உதட்டையும் சேர்த்துப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. சேராது. முன்பற்கள் நான்கும் சந்தைக்குப் புறப்பட்டவர்களைப் போல முன்னால் நிற்கும். அந்த வருஷம் மிளகாய் நல்ல விலைக்குப் போனது. "உனக்கு என்ன ஆத்தா வேணும்? சங்கிலியா, சேலையா?" என்று அய்யா கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை.

"எனக்கு வாய் மூடணும்யா."

3

இனி, இந்தக் கதையின் உண்மையான சிக்கல்.

அந்த நான்கு பல்லில் நடு இரண்டுக்கும் இடையே ஒரு சந்து இருந்தது. அந்தச் சந்திலிருந்துதான் இராமலட்சுமியின் குலவை வருகிறது என்று ஊரில் எல்லாரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள்.

குலவை கேட்காத வாசகர் யாரேனும் இருந்தால்: சாமி புறப்படும்போதும் தாலி ஏறும்போதும் பெண்கள் நாக்கை வாய்க்குள் இப்படியும் அப்படியுமாகச் சுழற்றி எழுப்புவார்களே, அந்தச் சத்தம். ஒருமுறை இராமலட்சுமி ஊருணிக்கரையில் நின்று குலவையிட்டபோது, பின்னால் ஏதோ பெரிய வண்டி ஹாரன் அடிக்கிறது என்று நினைத்துப் பரமக்குடி பஸ் ஓரம் ஒதுங்கி வழிவிட்டது. பின்னால் எந்த வண்டியும் இல்லை. டிரைவர் மரியாதைக்குக் கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டுக் கிளம்பினார். நம்பாதவர்கள் அந்த டிரைவரையே கேட்டுக்கொள்ளலாம். அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது.

(குலவைக்குப் பல் சந்து உண்மையிலேயே தேவையா என்ற சந்தேகம் இந்த இடத்தில் எனக்கு வந்தது. எழுதுபவன் எதையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதால் கண்ணாடி முன் நின்று நானே ஒரு குலவை போட்டேன். ஆம்பளைக் குலவை. கீழ்செட்டு வெளியே வந்து கண்ணாடியில் முட்டிவிட்டுக் கீழே விழுந்தது. அடுப்படியிலிருந்து என் மனைவி சோலையம்மாள், "யாரு வீட்டுல விசேஷம்?" என்று கேட்டாள். சோதனை முடிவு எதையும் நிரூபிக்கவில்லை.)

அவள் ஊரில் வைகாசியில் முளைப்பாரி எடுப்பார்கள். சட்டியில் எருவும் மண்ணும் போட்டு நவதானியம் தூவி, வெயில் படாத ஒரு வீட்டுக்குள் வைத்து முளைக்கவிடுவார்கள். அந்த வீட்டில் கும்மி உண்டு, குலவை கிடையாது. பாரிகளைத் தலையில் ஏற்றி ஊருணிக்குக் கிளம்பும்போதுதான் முதல் குலவை. அதை ஒருத்தி இடவேண்டும், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். முதல் குலவை பிசிறினால் அந்த வருஷம் மழை பிசிறும் என்பது ஊர் கணக்கு. சில வருஷங்களாக அதை இட்டது இராமலட்சுமி. அவளுக்குப் பின்னால் அந்த இடத்துக்குக் காத்திருந்தவர்கள் பலர். அவர்களில் புதிதாகச் சேர்ந்தவள் மதினி பாண்டியம்மாள். அவளும் பிறந்த ஊரில் முதல் குலவை இட்டவள்தான்.

மதுரை டாக்டர் பல்லுக்கு வளையம் மாட்டி, வளையத்துக்குள் கம்பி ஓட்டியபோதே பாண்டியம்மாள் சொன்னாள்.

"ஏத்தா லெச்சுமி, சந்தை அடைச்சிட்டா குலவை எந்த வழியா வரும்? மூக்கு வழியாவா?"

"வராட்டி நீங்க போட்டுக்கங்க மதினி. அதுக்குத்தானே வந்திருக்கீங்க?"

"நான் உங்க அண்ணனுக்காக வந்தேன். ஆனா வந்த இடத்துல இதுவும் கிடைச்சா விடுறவ இல்லை."

4

தவறு செய்தது செல்லச்சாமி.

மாதம் ஒருமுறை மதுரைக்குப் போய்க் கம்பியை முடுக்கிக்கொள்ள வேண்டும். முளைப்பாரிக்கு முந்தின மாதம் மிளகாய் களத்தில் காய்ந்துகொண்டிருந்ததால் போகமுடியவில்லை. அடுத்து அவர்கள் போன நாள், சாயங்காலம் ஊரில் காப்புக் கட்டு. காப்புக் கட்டிவிட்டால் பாரி தூக்குகிறவள், அதைத் தண்ணீரில் கரைக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. காலையிலேயே போய் நாற்காலிப் பக்கத்தில் நின்றுகொண்டு செல்லச்சாமி டாக்டரிடம் சொன்னார்:

"போன மாசம் ஒரு முடுக்கு விட்டுப்போச்சுங்கய்யா. அதையும் இதோட சேத்து முடுக்கிருங்க."

வயலில் ஒரு தண்ணி தவறிப்போனால் அடுத்த முறை சேர்த்துப் பாய்ச்சுவார் அல்லவா, அந்தக் கணக்கு.

"பல்லு என்னய்யா வயக்காடா?" என்று டாக்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கொறட்டால் கம்பியை இன்னொரு திருகு திருகினார்.

(நல்ல டாக்டர் திருகியிருக்கமாட்டார். அவரை ஏழெட்டு விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லா விதத்திலும் மறுத்துவிட்டார். மறுத்தால் கதை அங்கேயே முடிகிறது. ஆகவே அவர் கையைப் பிடித்து நான்தான் திருகவைத்தேன். அவர்மேல் வழக்கில்லை.)

நாற்காலியைவிட்டு எழுந்தபோது இராமலட்சுமிக்கு ஒன்றும் தெரியவில்லை. மானாமதுரை தாண்டியதும் தெரிந்தது. பரமக்குடியில் பஸ் மாறும்போது, தன் தலை முழுவதும் ஒரே பல்லாகிவிட்டதுபோல இருந்தது. சாயங்காலம் கோயிலில் பூசாரி அவள் கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார். அந்த முடிச்சு இறுகியபோது அவள் நினைத்தது: இனி மதுரை, சிங்கப்பூர் மாதிரி.

5

அந்தக் காலேஜ் பெண் கேட்ட கேள்விக்கு வந்துவிட்டோம். என்ன பண்ணினாள்?

(இங்கே வலியைப் பற்றி அழகாக ஒரு பத்தி எழுதிவைத்திருந்தேன். "வலி என்பது உடம்பின் —" பேனா தானாக நின்றுவிட்டது. அதற்கு என்னைவிடப் புத்தி அதிகம்.)

மறுநாள்தான் மோசம். இட்லியைக் கடிக்க முடியவில்லை. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பட்டால் கண்ணில் பொறி. நாக்கால் தொட்டால் பல் ஆடியது. எல்லாம் ஒரே நாளில் உதிர்ந்துவிடுமோ என்று பயந்து, கொஞ்சநேரம் வாய்க்கு நேரே உள்ளங்கையை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் உதிரவில்லை. வெந்நீரில் உப்புக் கரைத்துக் கொப்பளித்தாள். பாண்டியம்மாள் சோற்றை மோர் விட்டுக் கரைத்து, கஞ்சியா சோறா என்று அதற்கே சந்தேகம் வரும் பதத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"மெல்லாத. நேரா வயித்துக்கு அனுப்பு. பல்லுக்குச் சேதியே தெரியக்கூடாது."

"சிரிக்க வைக்காதீங்க மதினி, வலிக்குது."

"சிரிக்காத. சிரிச்சா வாய் மூடாதுன்னுதானே இம்புட்டும்?"

அப்புறம் நுங்கு. இளசாகப் பார்த்து எடுத்து, கடிக்காமல் நாக்குக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒதுக்கிக்கொள்வாள். குளிர்ச்சி ஈறுக்குள் இறங்கும்போது கொஞ்சநேரம் வலி எட்டிப் போய் நிற்கும். போன வலி திரும்பி வரும்போது வேறு பல்லில் வந்து உட்கார்ந்தது. இதை அவள் கவனித்துவிட்டாள். கவனித்ததும் பாதி வலி வேடிக்கையாகிவிட்டது. காலையில் எழுந்ததும் நாக்கால் ஒவ்வொரு பல்லையும் தட்டி, இன்றைக்கு யார் முழித்திருக்கிறார்கள் என்று பார்ப்பாள்.

பாரி வீட்டுக்குள் தண்ணீர் தெளிக்கப் போனபோது, சட்டியில் முளைகள் தலையில் மண்கட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருந்தன. ஒரு பயறு தன்னைவிடப் பெரிய கட்டியைச் சாய்த்துத் தள்ளியிருந்தது. இராமலட்சுமி குனிந்து ரொம்பநேரம் பார்த்தாள்.

"இதுக்கு வலிக்குமா மதினி?"

"எதுக்கு?"

"மொளைக்கு. இப்படி முட்டிக்கிட்டு வருதே."

பாண்டியம்மாள் யோசித்தாள். "மண்ணுக்குத்தான் வலிக்கும்" என்றாள்.

6

பாக்கரை இந்தக் கதைக்குள் கொண்டுவர எனக்கு ஒரு சாக்குத் தேவைப்பட்டது. அவர் பெரியபட்டினத்துக்காரர், மிளகாய் வியாபாரி. மிச்ச மூட்டைகளை எடுக்க வண்டியோடு வந்தார் என்று வைத்துக்கொள்வோம். (மிளகாய் இல்லாவிட்டாலும் வந்திருப்பார். இந்த வீட்டு மோர் அவருக்குப் பிடிக்கும்.)

அதற்குள் இன்னொன்று நடந்திருந்தது. பல் நகர்ந்ததில் கம்பியின் நுனி பின்பக்கம் நீண்டு, கன்னத்தின் உட்புறத்தைக் குத்திப் புண்ணாக்கிவிட்டது. வாயைத் திறந்தால் ஒரு குத்து, மூடினால் இரண்டு. செல்லச்சாமி விட்டத்திலிருந்து கம்பி வெட்டும் கொறட்டை எடுத்துவந்து மகள்முன் நின்றார்.

"நான் பண்ணுன வேலைதான் ஆத்தா. சேத்து முடுக்கச் சொன்ன வாய் என் வாய். சொல்லு, இந்தக் கருமாந்திரத்தை அறுத்து எறிஞ்சிருவோம். மழையும் வேணும், உன் குலவையும் வேணும்."

"ஏ செல்லச்சாமி, அது என்ன வேலிக் கம்பியாய்யா? கொறட்டைக் கீழ வையி" என்றார் பாக்கர். அவர் மச்சான் தோணிக்குப் பாய் தைப்பவர். பாய் தைக்கும் நூலுக்குப் பூசத் தேன்மெழுகு வாங்கிவரச் சொல்லியிருந்தார். பாக்கர் மடியிலிருந்து அந்த மெழுகு உருண்டையை எடுத்து, ஒரு நகக்கண் அளவு கிள்ளிக் கொடுத்தார்.

"உருட்டி அந்த முனையில அப்பும்மா மகளே. காத்துக்குப் பாயே கிழியாம நிக்கிது. உன் கன்னம் நிக்காதா? இன்ஷா அல்லா நிக்கும்."

"முழுங்கிட்டா மாமா?"

"முழுங்குனா வயித்துக்குள்ள ஒரு தேனீ குடித்தனம் வைக்கும். வேற ஒண்ணும் ஆகாது."

மெழுகு ஒட்டியது. குத்து நின்றது. அன்றைக்கு மோர்ச்சோற்றை அவள் கொஞ்சம் மென்றுகூடப் பார்த்தாள்.

ஆனால் குத்து நின்ற இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. நாக்கு அந்தச் சந்தைத் தேடிப் போனது. சந்து இல்லை. முன்பு நாக்கு நுனி போய் உட்காரும் இடத்தில் இப்போது ஒரு நூல் போகும்படிதான் இருந்தது. குலவையிட்டுப் பார்க்கவும் வழியில்லை. பாரி கிளம்பும்முன் சும்மா குலவையிட்டால் சாமியை வீணாகக் கூப்பிட்டதாகும். என்ன வரும் என்று வந்தபிறகுதான் தெரியும்.

7

பாரி எடுக்கும் நாள். கூடத்தில் கொறடு இருந்தது. அய்யா அதை எடுத்துக் கொடுக்கவும் இல்லை, விட்டத்தில் திரும்ப வைக்கவும் இல்லை. அவள் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டுக் களத்துப் பக்கம் போய்விட்டார். கம்பியை அறுத்தால் சந்து உடனே திறந்துவிடாதுதான். ஆனாலும் நாக்குக்கு இடைஞ்சல் இருக்காது, குலவைக்கு ஒரு வழி கிடைக்கலாம். பல் மறுபடி சந்தைக்குப் புறப்பட்டுவிடும். அவ்வளவுதான்.

இராமலட்சுமி பித்தளை அண்டாவில் முகம் கழுவக் குனிந்தாள். தண்ணீர் அசைவது நின்றதும் அதில் ஒரு பெண் இருந்தாள். அந்தப் பெண்ணின் உதடுகள் இரண்டும் சேர்ந்திருந்தன.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். உதடுகளை இழுத்துப் பிடிக்கவில்லை, அவை தாமாகவே சேர்ந்திருந்தன. "ம்" என்று சொல்லிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, பல்லில் இடிபடாத ஒரு முழு "ம்". இன்னொரு "ம்". பாண்டியம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

"என்னத்தா, மாடு மாதிரி 'ம்', 'ம்'ங்கிற?"

"மதினி, மூடுது."

பாண்டியம்மாள் கிட்டே வந்து தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"ஆமா, மூடுது" என்றாள். பிறகு, "திறந்தா என்ன வரும்?"

"தெரியாது."

"நான் போட்டுரவா இந்த வருஷம்?"

அந்தக் கேள்வியில் ஆசை இருந்ததா, இரக்கம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இந்த வரியை எவ்வளவோ மாற்றி எழுதிப் பார்த்தேன். பாண்டியம்மாள் ஒவ்வொரு தடவையும் ஒரே முகத்தோடு கேட்கிறாள்.

இராமலட்சுமி கொறட்டை எடுத்தாள். எடுத்துக்கொண்டு போய், எம்பி, விட்டத்தில் வைத்தாள்.

"நானே போடுறேன். வர்றது வரட்டும்."

8

இனி முடிவு. மூன்று வைத்திருந்தேன்.

ஒன்றில், கம்பி தம்புராபோல அதிர்ந்து, குலவை வாலிநோக்கம்வரை போய், உப்பளத்தில் உப்பு அள்ளிக்கொண்டிருந்தவர்கள் கூடையை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். (எனக்கு மிகவும் பிடித்த முடிவு. பஸ் டிரைவரை நம்பியவர்கள் இதையும் எடுத்துக்கொள்ளலாம்.)

இன்னொன்றில், குலவை வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. அந்த வருஷம் மழை பிசிறியது. எல்லா வருஷமும் பிசிறுவதுபோலவே.

மூன்றாவதை எழுதத் தொடங்கி, "இராமலட்சுமி கண்ணீர் மல்க —" என்று வந்ததும் பேனாவை மூடிவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பாரிகள் தலையில் ஏறிவிட்டன. கொட்டு நின்றுவிட்டது. செல்லச்சாமி மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இராமலட்சுமி நாக்கால் மெழுகை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். வலி இருக்கிறது, இன்றைக்கு முழித்திருப்பது மேல்வரிசையில் இடமிருந்து மூன்றாவது. அவள் வாயைத் திறக்கிறாள். பக்கத்தில் பாண்டியம்மாளும் வாயைத் திறந்து நாக்கை மடித்துவிட்டாள். முந்திக்கொள்ளவா, விழுவதைப் பிடித்துக்கொள்ளவா? அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சொல்ல மாட்டேன் என்கிறாள்.

பெஞ்சில் இருந்த பெண்ணே, நீ கேட்டதற்குப் பதில்: உப்புத் தண்ணீர், நுங்கு, தேன்மெழுகு, ஒரு பாண்டியம்மாள். கடைசியாகச் சொன்னது மருந்துக் கடையில் கிடைக்காது.

மற்றவர்களுக்கு: இதற்குமேல் என் வாயால் ஆகாது, கண்ணாடி முன் அதைப் பார்த்தாகிவிட்டது. உங்கள் வாயால்தான் ஆகவேண்டும். பல்செட் இருந்தால் கழற்றி வையுங்கள். கம்பி இருந்தால் இருக்கட்டும். நாக்கை மடித்து ஒரு குலவை போடுங்கள். எப்படி வருகிறதோ அப்படித்தான் அவளுக்கும் வந்தது. வந்ததும் நிறுத்தாதீர்கள். பக்கத்து வீட்டிலிருந்து யாராவது அதைப் பிடித்துக்கொள்கிறார்களா என்று காதைக் கொடுத்துக்
கேளுங்கள்.